பார்க்காத இரண்டு ஆட்டங்கள்

அந்த வருடம் அவர்களுடைய கால்பந்து அணி கடைசியிலிருந்து இரண்டாவது இடத்தில் முடித்தது. கடைசி இடத்துக்கு வந்திருந்தால் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியிருக்க வேண்டும். கடைசி ஆட்டத்தில் எதிரணித் தடுப்பாட்டக்காரர் ஒருவர் பதறிப்போய்ப் பந்தைத் தன் வலைக்குள்ளேயே தட்டிவிட்டதால், தலை தப்பியது தம்பிரான் புண்ணியம் என்று வீடு வந்து சேர்ந்தார்கள். அதை வெற்றி என்று சொல்லிக்கொள்ள யாருக்கும் வாய் வரவில்லை.

இரண்டு வாரம் கழித்துக் கூட்டம் போட்டார்கள். அணியின் தலைவர் குளியலறைச் சாமான்கள் விற்கும் பெரிய கடை வைத்திருந்தார். அதன் பின்னறைதான் அவர்களுடைய அலுவலகம். சுவரை ஒட்டி விலைச்சீட்டு தொங்கும் கைகழுவும் தொட்டிகள் வரிசையாக நிற்கும். நடுவில் ஒரு மேசை, சுற்றி நான்கு நாற்காலிகள். தலைவர், பயிற்சியாளர், கணக்கையும் கடிதங்களையும் பார்த்துக்கொள்ளும் செயலாளர் அம்மா, நான்காவதாகத் தராசு.

தராசு என்பது பட்டப்பெயர். ஊர் ஊராகப் போய் ஆட்டங்களைப் பார்த்து, எந்த ஆட்டக்காரரை வாங்கலாம், எவரை வாங்கக் கூடாது என்று எழுதிக் கொடுப்பது அவர் வேலை. பதினெட்டு வருடமாக அதைச் செய்துகொண்டிருந்தார். அவர் எடைபோட்டுச் சொன்னால் முள் இந்தப் பக்கமும் போகாது, அந்தப் பக்கமும் போகாது என்று பழைய பயிற்சியாளர் ஒருவர் வைத்த பெயர் அது. இப்போது வீட்டில் மனைவியைத் தவிர எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அந்தப் பெயரில் அவருக்கு உள்ளூரப் பெருமை உண்டு.

செயலாளர் அம்மா நிலவரத்தைச் சொன்னார். சட்டையில் தன் பெயரைப் போட்டுக்கொள்ளப் பணம் கொடுத்துவந்த லாரிக் கம்பெனி, தோற்கிற அணியின் முதுகில் தங்கள் பெயர் இருக்க வேண்டாம் என்று விலகிவிட்டது. அடுத்த வருடச் சம்பளச் செலவில் எட்டில் ஒரு பங்கைக் குறைத்தே ஆக வேண்டும். இருபத்திரண்டு ஆட்டக்காரர்களில் ஒருவர் மட்டும் மூன்று பேருடைய சம்பளத்தை வாங்கிக்கொண்டிருந்தார். அவர்தான் நெட்டை.

நெட்டை முன்களத்தில் ஆடுபவர். ஆள் வாட்டசாட்டம், மற்றவர்களைவிட ஒரு தலை உயரம். கோல் மழை பொழிவார் என்று போன வருடம் மூன்று வருட ஒப்பந்தம் போட்டு அழைத்து வந்தார்கள். முதல் வருடத்தில் அவர் போட்டது இரண்டே கோல். பாதி ஆட்டங்களில் இடைவேளைக்குப் பிறகு நொண்டியபடி வெளியே வந்தார். இன்னும் இரண்டு வருடம் பாக்கி இருந்தது.

அவரை அனுப்பிவிடலாம் என்றார் பயிற்சியாளர். அனுப்பினால் இரண்டு வருடச் சம்பளத்தையும் மொத்தமாகக் கையில் கொடுக்க வேண்டும், ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றார் தலைவர். வேறு அணிக்குத் தள்ளிவிடப் பார்க்கலாமே என்ற யோசனையும் ஏற்கெனவே வேகாத பருப்பாகியிருந்தது. செயலாளர் அம்மா ஐந்து அணிகளுக்கு எழுதியிருந்தார். நாலு அணிகளிடமிருந்து பதிலே இல்லை. ஐந்தாவது அணி, சம்பளத்தை நீங்களே கொடுப்பதாக இருந்தால் வைத்துக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தது.

"பொண்ணையும் கொடுத்து, மாப்பிள்ளை வீட்டுக்கு மாசாமாசம் அரிசியும் அனுப்பணுமாம்," என்றார் தலைவர். யாரும் சிரிக்கவில்லை.

ஒப்பந்தம் முடிந்தவர்களைத்தான் செலவில்லாமல் விட முடியும். அப்படி மூன்று பேர் இருந்தார்கள். மாற்று கோல்கீப்பர் ஒருவர், வலது ஓரத்தில் ஓடுகிற ஒருவர், மூன்றாவது ஆள் ஆணி என்று எல்லோரும் கூப்பிடுகிறவர். இடது பக்கம் தடுப்பாட்டம் ஆடுகிற ஆணிக்கு முப்பத்துமூன்று வயது. எட்டு வருடமாக அதே இடத்தில் அடித்து வைத்ததுபோல் நின்றவர். மூன்று பேர் சம்பளத்தையும் சேர்த்தால் நெட்டையின் சம்பளம் வந்தது. குறைக்க வேண்டிய தொகையும் கிட்டத்தட்ட அதுதான்.

"ஒரு ஆளைக் காப்பாத்த மூணு பேரா?" என்றார் பயிற்சியாளர். பிறகு தராசின் பக்கம் திரும்பினார். "நீங்க மூணு தடவை நேர்ல பார்த்துத்தானே எழுதிக் கொடுத்தீங்க. அப்போ நல்லா ஆடினானில்ல?"

"ஆடினார்," என்றார் தராசு.

அந்த ஒரு சொல்லைச் சொன்னபோது அவர் பார்வை எதிரே இருந்த கைகழுவும் தொட்டியின் மேல் போய் ஒட்டிக்கொண்டது. அதன் விலையைப் படித்தார். மறுபடியும் படித்தார்.

உண்மை என்னவென்றால், அவர் நெட்டையை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தார். வாங்குவதற்கு முன் மூன்று ஆட்டம், அதில் குறைந்தது இரண்டு வெளியூர் மைதானத்தில் என்பது அவரே ஏற்படுத்திய விதி. சொந்த மைதானத்தில் ஜனங்கள் கத்துகிற கத்தலில் எருமையும் குதிரையாகிவிடும், வெளியூரில்தான் ஆளின் உண்மை எடை தெரியும் என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறார். முதல் ஆட்டத்தில் நெட்டை இரண்டு கோல் அடித்தார். இரண்டாவது தலையால் முட்டியது. மைதானமே எழுந்து நின்றது. அடுத்த வாரம் அவருடைய அணி வெளியூரில் ஆடியது. தராசு பேருந்து நிலையம் வரைக்கும் போனார். மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஏழு மணி நேரப் பயணம், முதுகு வலி, பேருந்தில் ஜன்னல் கண்ணாடி இல்லை. பார்த்ததே போதும், என் கண் எப்போது தப்பியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டார். அதற்கடுத்த வாரம் பேருந்து நிலையத்துக்கே போகவில்லை. இரண்டு ஆட்டங்களின் முடிவையும் செய்தித்தாளில் பார்த்து அறிக்கை எழுதினார். இரண்டு பயணத்துக்கும் படி வாங்கிக்கொண்டார்.

பதினெட்டு வருடத்தில் அது ஒரு தடவைதான். அப்படித்தான் அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்று பேரையும் விடுவது என்று முடிவானது. பணத்துக்காக விட்டார்கள் என்று வெளியே பேச்சு வந்தால் இருக்கிற ஆதரவாளர்களும் ஓடிவிடுவார்கள் என்று தலைவர் கவலைப்பட்டார். ஆட்டம் சம்பந்தமான காரணங்களைத் தராசு எழுதிக் கொடுக்க வேண்டும், எழுதியவரே நேரில் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்றார்.

தராசு அங்கேயே உட்கார்ந்து எழுதினார். கோல்கீப்பருக்கும் ஓரத்து ஆட்டக்காரருக்கும் இரண்டிரண்டு வரி. ஆணியிடம் வந்ததும் பேனா நின்றது. அந்த வருடம் முழுக்க, அணி பத்து ஆட்டம் தோற்றபோதும், இடது பக்கம் வழியாக வந்த கோல் மூன்றே மூன்று. அது அவருக்கு நன்றாகவே தெரியும். கொஞ்ச நேரம் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, 'வேகம் குறைந்துவிட்டது. திரும்பி ஓடுவதில் தாமதம்' என்று எழுதினார். முப்பத்துமூன்று வயது ஆளைப் பற்றி அப்படி எழுதினால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

ஆட்டம் இல்லாத மாதங்களில் ஆணி, தன் அக்காள் புருஷனின் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பார். தராசு போனபோது அவர் ஒரு நடுத்தர வயது அம்மாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சுண்ணாம்புக் கோடுகளுக்கு நடுவே காரைப் பின்னால் எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். தராசைப் பார்த்ததும் இறங்கி ஓடிவந்தார். உட்கார நாற்காலி கொண்டுவரப் போனவரைத் தராசு தடுத்து, நின்றபடியே சொன்னார். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. காரணம் இது.

ஆணியின் முகத்தில் ஈயாடவில்லை. சற்று நேரம் தன் வலது காலையும் இடது காலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வேகம் குறைஞ்சிடுச்சா அண்ணே? எனக்குத் தெரியவே இல்லை."

"கொஞ்சம்தான். வெளியில இருந்து பார்க்கிறவங்களுக்குத்தான் தெரியும்."

"மத்தவங்க சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன்," என்றார் ஆணி. "நீங்க பார்த்துச் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

தராசால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை. காரில் இருந்த அம்மாள் பிரேக்குக்குப் பதிலாக வேறெதையோ மிதித்துவிட, வண்டி ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. ஆணி அந்தப் பக்கம் ஓடினார். தராசு அந்தச் சாக்கில் வெளியே வந்துவிட்டார். தெருமுனை வரைக்கும் நடந்தபிறகுதான், அப்படிச் சொன்னபோது ஆணி இரண்டு கையாலும் தன் கையைப் பிடித்துக் குலுக்கியது நினைவுக்கு வந்தது. அந்தக் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

மற்ற இருவரிடமும் அன்று அவர் போகவில்லை. தலைவருக்கும் மனசு உறுத்தியிருக்க வேண்டும். மறுநாள் தொலைபேசியில் கூப்பிட்டு, கடைசியாக ஒரு முயற்சி செய்து பார்க்கலாம் என்றார். நெட்டையிடம் போய், சம்பளத்தில் பாதியை விட்டுக்கொடுக்க முடியுமா என்று கேட்க வேண்டும். சட்டப்படி கேட்க உரிமையில்லை; வேண்டுகோளாகத்தான் கேட்க முடியும். அவரைக் கண்டுபிடித்து அழைத்துவந்தவர் என்ற முறையில் தராசு கேட்டால் மரியாதையாக இருக்கும். ஒத்துக்கொண்டால் ஓரிருவரையாவது வைத்துக்கொள்ளலாம்.

நெட்டை ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தார். படி ஏறும்போதே தைல வாசனை வந்தது. கதவைத் திறந்தவர் மனைவி. மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவர், அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தார். நெட்டை தரையில் பாய் விரித்துக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வலது தொடைக்கு அடியில் துணியில் சுற்றிய பனிக்கட்டி. பக்கத்தில் ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தை கவிழ்ந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. தராசைக் கண்டதும் எழுந்திருக்க முயன்றார். தராசு வேண்டாமென்று கையமர்த்திவிட்டு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

வந்த விஷயத்தைச் சுற்றி வளைத்துத்தான் சொன்னார். லாரிக் கம்பெனி விலகியது, மூன்று பேர் போகப்போவது, ஆணிக்கு இரண்டு பிள்ளைகள் இருப்பது எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, பாதியை விட்டுக்கொடுக்க முடியுமா என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார். நெட்டை குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்ததும் பனிக்கட்டித் துணியை எடுத்துக் கிண்ணத்தில் வைத்தார்.

"அண்ணே, சம்பளத்தைப் பத்தி அப்புறம் பேசலாம். ஒரு வருஷமா உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருக்கேன். இன்னைக்குச் சொல்லிடுறேன்."

"சொல்லுங்க."

"நான் கையெழுத்துப் போட்ட அன்னைக்குத் தலைவர் உங்க அறிக்கையை எல்லார் முன்னாடியும் படிச்சார். வெளியூர் ஆட்டம் ரெண்டுலயும் தொண்ணூறு நிமிஷமும் தளராம ஓடினேன்னு எழுதியிருந்தீங்க."

தராசின் காதுமடல் சூடாகியது.

"அந்த ரெண்டு ஆட்டத்துலயும் நான் ஆடவே இல்லை அண்ணே. நீங்க வந்து பார்த்த மொதல் ஆட்டத்தோட கடைசி நிமிஷத்துல தொடை பின்னாடி கிழிஞ்சுபோச்சு. ரெண்டு வாரமும் மாற்று ஆட்டக்காரங்க பெஞ்சுகூட இல்லை, மேல பார்வையாளருங்களோட உட்கார்ந்திருந்தேன்."

மைதானத்தில் இருந்த எவருக்கும் தெரிந்திருக்கக்கூடிய விஷயம். ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போயிருந்தால், பந்து உருளுவதற்கு முன்பே தெரிந்திருக்கும்.

நெட்டை குழந்தையின் முதுகில் கை வைத்துத் தட்டிக்கொண்டே பேசினார். அறிக்கையைக் கேட்டபோது தலை சுற்றியதாம். உடனே எழுந்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். பழைய அணி அவரை வைத்துக்கொள்ள மாட்டோம் என்று சொல்லியிருந்த நேரம். குழந்தை வயிற்றில் இருந்தது. பேசாமல் கையெழுத்துப் போட்டார். அணியின் மருத்துவர் சோதித்தபோது ஏற்கெனவே ஏதாவது அடிபட்டிருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றார். மருத்துவரும் அறிக்கையைப் பார்த்துவிட்டு, இரண்டு வாரம் முழுசாக ஓடிய கால்தானே என்று அதற்கு மேல் தோண்டவில்லை.

"நீங்க எனக்காகத்தான் அப்படி எழுதினீங்கன்னு நினைச்சேன்," என்றார் நெட்டை. "எனக்கு அடிபட்டது தெரிஞ்சு, வாழ்க்கை போயிடக் கூடாதேன்னு மறைச்சு எழுதியிருக்கார்னு இவகிட்ட சொன்னேன். முன்னப்பின்ன தெரியாத மனுஷன் தன் பேரைப் பணயம் வெச்சிருக்கார், அவர் தலை குனியக் கூடாதுன்னுதான் வருஷம் முழுக்க மாத்திரை போட்டுக்கிட்டு ஓடினேன். ஓய்வு கேட்டிருந்தா ஆறியிருக்கும். கேட்டா விஷயம் வெளியே வந்துடும், உங்களுக்குக் கெட்ட பேர்னு கேக்கலை."

தராசு வாயைத் திறந்தார். ஆமாம் என்று ஒரு தலையசைப்பு போதும். இந்த மனிதருடைய மனதில் தான் ஒரு வள்ளலாகவே இருந்துவிடலாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவருக்கு அதைத் தட்டில் வைத்து மரியாதையோடு நீட்டுகிறார்கள். அந்த நொடி அவருக்கு ஆசையாகத்தான் இருந்தது. அந்த ஆசையைப் பற்றித்தான் பிற்பாடு அவர் அதிகமாக வெட்கப்பட்டார், பொய்யைவிட.

"இல்லை தம்பி," என்றார். "உனக்கு அடிபட்டது எனக்குத் தெரியாது. நான் அந்த ரெண்டு ஆட்டத்துக்கும் வரவே இல்லை."

நெட்டை தட்டுவதை நிறுத்தினார்.

"மழை பெய்தது. பஸ்ஸுக்கு நிக்க அலுப்பா இருந்தது. வீட்டுக்குப் போயிட்டேன். அவ்வளவுதான்."

தேநீர் கொண்டுவந்த மனைவி கதவருகிலேயே நின்றுவிட்டார். கையில் இருந்த தட்டைக் கீழே வைக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை.

"அப்போ இவரை யாருமே பார்க்கலையா?" என்று கேட்டார் அவர். "நாங்க வீட்டைக் காலிபண்ணிக்கிட்டு வந்தோம். எங்க அம்மாவை விட்டுட்டு வந்தோம். நல்லா பார்த்துத்தான் கூப்பிடுறாங்கன்னு வந்தோம்."

தராசு தரையைப் பார்த்தார். நெட்டை மனைவியை உட்காரச் சொன்னார், அவர் உட்காரவில்லை. பாதிச் சம்பளம் பற்றிக் கேட்டதற்கும் அவர்தான் பதில் சொன்னார். முதலில் நடந்ததை நடந்தபடி தலைவரிடம் சொல்லுங்கள், பிறகு எங்களைக் கூப்பிட்டால் வருகிறோம், எங்கள் பங்குத் தப்பை நாங்களும் சொல்லுகிறோம் என்றார். அதட்டிச் சொல்லவில்லை. தட்டைத் தராசின் முன்னால் வைத்தார். அந்தத் தேநீரைக் குடிப்பதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை. மரியாதைக்கு ஒரு வாய் குடித்தார். நாக்கு சுட்டது, சொல்லாமல் விழுங்கினார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளராக வேலை பார்த்தவர் மனைவி. எந்தப் புட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால் திரும்பிப் பார்க்காமல் சொல்லுவார். நினைவு அப்படி.

"அந்த சனிக்கிழமை நீங்க வீட்லதானே இருந்தீங்க," என்றார். "ஃபேனைக் கழட்டித் துடைச்சுக் கொடுத்தீங்க. ஆட்டம் ரத்தாயிடுச்சுன்னு சொன்னீங்க."

அதையும் சொல்லியிருக்கிறோம் என்பதைத் தராசு மறந்தே போயிருந்தார். ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு பொய் என்று வைத்திருந்த எண்ணிக்கை அதோடு சரிந்தது. தலைவரிடம் ஒன்று, மனைவியிடம் ஒன்று, கூட்டத்தில் ஒன்று, ஆணியிடம் ஒன்று. மனைவி திட்டவில்லை. துணி மடித்துக்கொண்டே, காலையில் கடை திறக்கும்போதே போய்விடுங்கள், தள்ளிப்போட்டால் உங்களுக்கு மனசு மாறிவிடும் என்று மட்டும் சொன்னார். தன்னை எவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறார் என்பதும் அன்று வலித்தது.

காலையில் போனார். பின்னறையில் தலைவரும் செயலாளர் அம்மாவும் இருந்தார்கள்; பயிற்சியாளரையும் வரவழைக்கச் சொன்னார். மூன்று பேருக்கும் முன்னால் நின்றுகொண்டே சொன்னார். உட்காரச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நெட்டையைப் பற்றிச் சொன்னார், ஆணியைப் பற்றி எழுதியதும் காரணத்துக்காக ஜோடித்ததுதான் என்று சொன்னார்.

பயிற்சியாளர் எழுந்து வெளியே போய்விட்டார். கண்ணாடிக் கதவு வழியாக, விற்பனைக்கு வைத்திருந்த குளியல் தொட்டி ஒன்றின் விளிம்பில் அவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருவது தெரிந்தது. நொண்டுகிற ஆட்டக்காரரைச் சோம்பேறி என்று அந்த வருடம் முழுக்க எல்லோர் முன்னாலும் திட்டியவர் அவர்.

தலைவர் கத்துவார் என்று தராசு எதிர்பார்த்தார். கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. கடைசியில் அவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"அந்த ரெண்டு பயணத்துக்கும் படி வாங்கினீங்களா?"

"வாங்கினேன்."

"சாப்பாட்டுப் படியுமா?"

"ஆமா."

செயலாளர் அம்மா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். மூன்று வருடப் பெரிய சம்பளம், கிழிந்த தொடை, ஏறக்குறைய கீழ்ப்பிரிவு, எல்லாவற்றையும் சொன்னபோது நிமிர்ந்து நிற்க முடிந்த தராசு, இரண்டு வேளைச் சாப்பாட்டுக் காசில் கூனிக் குறுகிப் போனார்.

அதற்குப் பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. அன்று மாலையே நெட்டையும் மனைவியும் வந்தார்கள். மருத்துவரிடம் பொய் சொன்னதை நெட்டை ஒப்புக்கொண்டார். அறிக்கை பொய், மருத்துவரிடம் சொன்னது பொய், இரண்டு பக்கமும் கோர்ட்டுக்குப் போனால் இரண்டு பக்கத்தையும் பார்த்து ஊர் சிரிப்பாகச் சிரிக்கும் என்றார் தலைவர். பழைய ஒப்பந்தத்தைக் கிழித்துப் புதிதாக எழுதினார்கள். இரண்டு வருடத்தில் கொடுக்க வேண்டிய தொகையை நான்கு வருடமாகப் பிரித்தார்கள். அறுவை சிகிச்சைச் செலவு அணியுடையது. காலில் வலி வந்தால் ஒளிக்காமல் சொல்ல வேண்டும் என்ற வரியை நெட்டையின் மனைவி சொல்லிச் சேர்க்கவைத்தார். இப்படி மிச்சமானதில் மூன்று பேரில் இருவரை வைத்துக்கொள்ள முடிந்தது. பயிற்சியாளர் ஆணியையும் மாற்று கோல்கீப்பரையும் கேட்டார். வலது ஓரத்தில் ஓடுகிறவர் போக வேண்டியதாயிற்று. அவர் கால்களில் ஒரு குறையும் இல்லை. அவரிடம் தலைவரே போய், பணம் இல்லை என்ற உண்மையைச் சொன்னார்.

தராசை வேலையிலிருந்து நீக்கினார்கள். ஆனால் அணியின் பெயர் கெட்டுவிடும் என்று, உடல்நலம் கருதி ஓய்வு பெறுகிறார் என்று வெளியில் அறிவித்தார்கள். அதை மறுக்கும் உரிமை தனக்கு இல்லை என்று தராசு நினைத்தார். பதினெட்டு வருடச் சேவைக்கு நன்றி என்று இரண்டு வரி செய்தித்தாளிலும் வந்தது.

ஆணியிடம் நானே போய்ச் சொல்லிக்கொள்கிறேன் என்று தராசு அனுமதி கேட்டிருந்தார். இந்தத் தடவை ஆணியின் வீட்டுக்கே போனார். வேகம் குறைந்துவிட்டது என்று எழுதியது காலைப் பார்த்து எழுதியதல்ல, கட்டளைக்கு எழுதியது என்று சொன்னார். ஆணி கோபப்படுவார் என்று நினைத்தார். ஆணி குழம்பித்தான் போனார்.

"நீங்க சொன்னதுல இருந்து மாடிப்படி ஏறும்போதுகூட மெதுவா ஏறுற மாதிரி இருக்கு அண்ணே. என் பொண்ணுகிட்டகூட சொல்லிட்டேன், அப்பாவுக்குக் கால் போயிடுச்சுன்னு. இப்போ இல்லைன்னா, எது நிஜம்? என் காலைப் பத்தி எனக்கே ஒண்ணும் தெரியாமப் போச்சு."

பிறகு ஆணி, நாளைக் காலை மைதானத்துக்கு வர முடியுமா என்று கேட்டார்.

மறுநாள் காலை காலி மைதானத்தில் ஆணி ஓடினார். கோல் கம்பத்திலிருந்து நடுக்கோடு வரை, திரும்பிக் கோல் கம்பம் வரை, பத்துத் தடவை. தராசு ஓரக்கோட்டில் நின்று பார்த்தார். பதினெட்டு வருடத்தில் எந்த ஆட்டக்காரரையும் அவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை. ஆணி மூச்சு வாங்கிக்கொண்டு வந்து முழங்காலில் கையூன்றி நின்றார்.

பொய்யாக எழுதியதில் பாதி உண்மையாக இருந்தது. நேராக ஓடும்போது பழைய வேகம் இருந்தது. இடது பக்கம் திரும்பும்போது ஓர் அடி கூடுதலாக எடுத்துவைத்தார். போன வருடம் அது இல்லையா, இருந்தும் தான் கவனிக்கவில்லையா என்று தராசுக்குத் தெரியவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் ஆணிக்கு இதமாக இருக்கும்.

"நேர் ஓட்டத்துல குறை இல்லை," என்றார். "இடது திருப்பத்துல ஒரு அடி ஜாஸ்தி போகுது. ஒரு வருஷம் தாங்கும். ரெண்டு வருஷம் கேக்காதீங்க."

ஆணி நிமிர்ந்து அவரைப் பார்த்தார். நம்புவதா என்று பார்க்கிறார் என்பது தெரிந்தது. முன்பெல்லாம் அந்தப் பார்வைக்கு அவசியமே இருந்ததில்லை.

"பயிற்சியாளர்கிட்டயும் ஓடிக் காட்டுறேன்," என்றார் கடைசியில். "அவரும் அதையே சொன்னா எடுத்துக்குறேன்."

அதுதான் சரி என்றார் தராசு. மெய்யாகவே அப்படித்தான் நினைத்தார். ஆனாலும் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்த வார்த்தை கூடவே வந்தது. பயிற்சியாளரும் பார்த்தார், அதையே சொன்னார். ஆணி ஒரு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டார்.

தராசு தன் அண்ணனுடைய வாடகைச் சைக்கிள் கடையில் உட்கார ஆரம்பித்தார். அடுத்த வருடத்தின் முதல் ஆட்டத்துக்கு வேண்டாம் வேண்டாம் என்றிருந்துவிட்டுக் கிளம்பினார். ஜன்னலில் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கினார். வாசலில் சீட்டைக் கிழிக்கிற காவல்காரர் அவரைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்தார். உங்களுக்கு எதற்கு சார் டிக்கெட் என்று உரிமையோடு கடிந்துகொண்டு, வரிசையில் நின்றவர்களை ஒதுக்கி வழிவிட்டார். பின்னால் நின்ற இரண்டு பேர் தராசு, தராசு என்று கிசுகிசுத்தார்கள். ஒருவர் கை குவித்தார்.

"உடம்பு இப்ப எப்படி சார் இருக்கு?" என்று கேட்டார் காவல்காரர். "பேப்பர்ல பார்த்துட்டு வீட்ல எல்லாரும் வருத்தப்பட்டோம்."

"உடம்புக்கு எப்பவும் ஒண்ணும் இல்லைங்க," என்றார் தராசு.

அடக்கமாகச் சொல்லுகிறார் என்று நினைத்துக் காவல்காரர் சிரித்தார். தராசு டிக்கெட்டை நீட்டி, கிழித்துக் கொடுங்கள் என்று கேட்டார். காவல்காரர் வேண்டாமென்று மறுக்க, இவர் கையை நீட்டியபடியே நின்றார். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. ஒருவழியாக அவர் கிழித்துக் கொடுத்த பாதியை வாங்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் படியேறி, யாரும் உட்காராத மேல் வரிசையில் போய் உட்கார்ந்தார். கீழே இரண்டு அணிகளும் மைதானத்துக்குள் வந்துகொண்டிருந்தன.